நீல மாத்திரையைத் தூக்கிப் போடலாமா?

பெண்ணுக்கு நகைச்சீட்டு கட்டுகிறோம். டியூஷனுக்கு மாதம் தவறாமல் பணம் எடுத்து வைக்கிறோம். ஆனால், பள்ளியில் வாரம் ஒருமுறை இலவசமாகத் தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை மட்டும், 'வயித்தைப் பிரட்டும், முழுங்காதே' என்று சொல்லி அனுப்பும் தாய்மார்களைப் பார்க்கிறேன். காசு கொடுக்காமல் வருவதால் மதிப்பில்லை போலும்!

என் நாத்தனார் மகள் பிளஸ் 1 படிக்கிறாள். வாங்கிய மாத்திரையெல்லாம் ஜியாமெட்ரி பாக்ஸிலேயே கிடந்தன. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று டாக்டரிடம் போனால், ஹீமோகுளோபின் 7! தனியார் ஆஸ்பத்திரியில் மூன்று நாள், ஊசி, ரத்தப் பரிசோதனை என்று 18 ஆயிரம் ரூபாய். அவள் அப்பா ஆட்டோ ஓட்டுபவர். வட்டிக்கு வாங்கித்தான் கட்டினார். அரசு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே என்பீர்கள். பதறி ஓடும்போது அதெல்லாம் யாருக்குத் தோணும்?

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை. நாளைக்குப் பிள்ளை பெறப் போகிறவர்கள் இவர்கள்தானே?

வெறும் வயிற்றில் போட்டால் குமட்டத்தான் செய்யும். மதியம் சாப்பிட்ட பிறகு போடச் சொல்லுங்கள். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். கூடவே டீ, காபி குடித்தால் சத்து உடம்பில் சேராது. கொய்யாவோ, நெல்லிக்காயோ கொடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தரும் பூச்சி மாத்திரையையும் விட்டுவிடக் கூடாது.

பெற்றோர் கூட்டத்தில் மார்க்கை மட்டும் கேட்காமல், 'மாத்திரையை உங்க முன்னாடியே முழுங்குறாளா டீச்சர்?' என்றும் கேட்டுவிட்டு வாருங்களேன்!

- ஒரு வாசகி, திருமங்கலம்.