2 மணி நேரப் பயணம்... சுத்திப் போனா 7,000 கி.மீ.! இகாலுயிட் - நூக் விமானம் ஏன் முக்கியம்?

மேப்பில் கனடாவின் வடகிழக்கு மூலையைக் கொஞ்சம் ஜூம் செய்து பாருங்கள். பாஃபின் தீவில் இருக்கிறது இகாலுயிட், நுனாவுட் பிரதேசத்தின் தலைநகர். டேவிஸ் நீரிணையைத் தாண்டினால், கிட்டத்தட்ட அதே அட்சரேகையில் கிரீன்லாந்தின் தலைநகர் நூக். இடைவெளி சுமார் 820 கி.மீ. சின்ன டாஷ்-8 விமானத்திலேயே 2 மணி நேரத்தில் போய்விடலாம்.

ஆனால், 2024 கோடைக்கு முன்பு பல வருடங்களாக இந்த ரூட்டில் பயணிகள் விமானமே இல்லை!

அப்போ எப்படிப் போனாங்க?

முதலில் தெற்கே ஒட்டாவா. அதுவே 2,000 கி.மீ.க்கு மேல். அங்கிருந்து இன்னொரு பெருநகரம், பிறகு அட்லாண்டிக்கைத் தாண்டி ஐஸ்லாந்து, அப்புறம் திரும்ப மேற்கே கிரீன்லாந்து. நேர்க்கோட்டில் கூட்டினாலே 7,000 கி.மீ. தாண்டும். டென்மார்க் வழியாகப் போனால் 11,000 கி.மீ.க்கும் மேல்!

ஏன் இந்தச் சுற்று?

நுனாவுட்டின் 25 ஊர்களுக்கு இடையே சாலைகள் கிடையாது. கப்பலும் பனி உருகும் மாதங்களில்தான். விமானம்தான் எல்லாமே. ஆனால், அந்த விமானங்கள் பெரும்பாலும் தெற்கு நோக்கியே பறக்கின்றன. பாஃபின் பகுதி மக்களுக்குப் பெரிய சிகிச்சை என்றால் ஒட்டாவாதான். கிரீன்லாந்துக்காரர்களுக்கு அதேபோல கோபன்ஹேகன். நிர்வாகம் எங்கேயோ, விமானமும் அங்கேதான்.

இன்னொரு காரணம், கூட்டம் இல்லை. 2021 கணக்கெடுப்பின்படி இகாலுயிட் மக்கள்தொகை 7,429. நூக்கில் சுமார் 20,000 பேர். சீட் நிரம்புவதே சவால்தான்.

இப்போ என்ன மாறியிருக்கு?

2024 ஜூன் இறுதியில் ஏர் கிரீன்லாந்து, கனடியன் நார்த் நிறுவனத்துடன் கைகோத்து, வாரம் ஒருமுறை பறக்கும் கோடைக்கால சேவையைத் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பரில் நூக் விமான நிலையத்தின் ஓடுபாதை 930 மீட்டரிலிருந்து 2,200 மீட்டராக நீண்டது. 2025 ஜூனில் நியூயார்க்கை ஒட்டிய நெவார்க்கிலிருந்து நேரடி விமானமும் வந்துவிட்டது.

ஒரு சுவாரஸ்யம்: இரு ஊர்களுக்கும் 3 மணி நேர வித்தியாசம். நூக்கில் காலை 10 மணிக்குக் கிளம்பினால், இகாலுயிட்டில் இறங்கும்போது மணி 9தான்!

யாருக்கு இது முக்கியம்?

இரு கரைகளிலும் வாழ்பவர்கள் இனுயிட் மக்கள். மொழிகளும் ஒரே குடும்பம். நடுவில் எல்லை போட்டது பிறகு வந்த அரசுகள்தான். 2022இல் கனடாவும் டென்மார்க்கும் ஹான்ஸ் தீவை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. நூக்கில் துணைத் தூதரகம் திறப்பதாக 2024 டிசம்பரில் கனடா அறிவித்தது. ட்ரம்ப்பின் பேச்சுக்குப் பிறகு கிரீன்லாந்து உலகத் தலைப்புச் செய்தி ஆகிவிட்டது.

ஆனால், அக்கரையில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுத் துக்கம் கோடைக்காகக் காத்திருக்காது. பனிக்காலத்தில் கிளம்ப வேண்டியவருக்கு மறுபடியும் அதே பழைய சுற்றுதான். டிக்கெட் வருமானத்தை மட்டும் நம்பி இந்த ரூட் ஆண்டு முழுக்க ஓடுவது கஷ்டம். ஆர்க்டிக் எங்களுக்கு முக்கியம் என்று சொல்லும் அரசுகள், இந்த 820 கி.மீ.க்குச் செலவழிக்கத் தயாரா என்பதுதான் இப்போதைய கேள்வி.