இறக்காத பெயர்ப்பலகை

ஃபிலடெல்ஃபியாவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, மார்க்கெட் தெருவும் 12ஆம் தெருவும் சேரும் முனையில் அண்ணாந்து பார்த்தபடி வெகுநேரம் நின்றேன். 36 மாடிக் கட்டடம். உச்சியில் 27 அடி உயரத்துக்குச் சிவப்பு எழுத்துகள்: பி.எஸ்.எஃப்.எஸ். ஃபிலடெல்ஃபியா சேவிங் ஃபண்ட் சொசைட்டி என்பதன் சுருக்கம். அந்த வங்கி 1992இலேயே மூழ்கிவிட்டது. 2000 முதல் உள்ளே நடப்பது லோவ்ஸ் ஹோட்டல்.

1816இல், சாதாரண ஜனங்களின் சிறுசேமிப்பை நம்பித் தொடங்கிய வங்கி அது. 1932இல், அமெரிக்காவில் வங்கிகள் வரிசையாகச் சாய்ந்துகொண்டிருந்த நேரத்தில், இந்தக் கட்டடத்தைத் திறந்திருக்கிறார்கள். வடிவமைத்தவர்கள் ஜார்ஜ் ஹோவ், வில்லியம் லெஸ்கேஸ். அந்தக் காலத்து வங்கி என்றால் கோயில் மாதிரித் தூண்கள் இருக்கும். இங்கே அதெல்லாம் கிடையாது. தெருவோரத் தளத்தைக் கடைகளுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு வங்கியை மாடியில் வைத்தார்கள். பணம் கட்ட வந்தவர்கள் எஸ்கலேட்டரில் ஏறிப் போனார்கள்.

கேஷ் கவுன்ட்டரில் 31 வருடம் உட்கார்ந்தவன் நான். பி.எஸ்.எஃப்.எஸ். வங்கி இருந்த மாடிக் கூடத்தில் இப்போது கல்யாண விருந்து நடக்கிறது என்று கேட்டதும் முதலில் மனசு சங்கடப்பட்டது. யோசித்துப் பார்த்தால் அதில் தப்பில்லை. ஹோட்டல் வந்திராவிட்டால் கட்டடம் பாழடைந்திருக்கும். லாக்கர் அறையின் கனத்த இரும்புக் கதவைக்கூடப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். தன் பெயரைப் போட்டுக்கொள்ள வேண்டிய உச்சியில், செத்துப்போன வங்கியின் பெயரை ஒரு ஹோட்டல் இரவெல்லாம் எரியவிடுகிறது. அதற்காகவே அவர்களைக் கும்பிடத் தோன்றியது.

நான் வேலை பார்த்த வங்கியை இன்னொரு வங்கியோடு இணைத்தார்கள். எங்கள் கிளையின் பலகையை ஒரு ஞாயிற்றுக்கிழமை இறக்கி, சைக்கிள் ஸ்டாண்டில் சுவரோரம் சாய்த்து வைத்தார்கள். திங்கட்கிழமை வந்த பூக்கார அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். பாஸ்புக்கை இடுப்பிலிருந்து எடுக்காமல், "சார், நம்ம பேங்கு எங்க போச்சு?" என்றார். பணம் பத்திரமாக இருக்கிறது என்று புரியவைக்க அரைமணி நேரம் ஆயிற்று. அந்த வாரமே பலகை பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. தடுத்திருக்க வேண்டும், தடுக்கவில்லை.

உங்கள் ஊரிலும் ஏதாவதொரு கிளையின் பின்கட்டில் அப்படியொரு பலகை கிடக்கலாம். மேனேஜரிடம் கேளுங்கள். புதுப் பலகை வாசலில் இருக்கட்டும். பழையதை உள்ளே ஒரு சுவரில் மாட்டச் சொல்லுங்கள்.