கூழைக்கடாவும் குப்பைக் கூடையும்

"பட்டணத்தில் காக்கையை விட்டால் வேறு என்ன பறவை இருக்கிறது?" என்பது எங்கள் அத்தையின் கட்சி. அவர் வேடந்தாங்கலுக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். ஆகையால், நான் பைனாகுலர் வாங்கி வந்த அன்று, "இந்தப் பணத்துக்கு ஒரு மிக்ஸி வாங்கியிருக்கலாம்" என்று என் மனைவி சொன்னதை அவர் மனப்பூர்வமாக ஆமோதித்தார்.

ஆனால் ஒரே வாரத்தில் அத்தை எனக்குக் குருவாகிவிட்டார். அடையாறில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் காக்கைக்குச் சாதம் வைக்கப் போகும்போது நானும் கூடவே போவேன். வேப்ப மரத்தில் பழுப்பு உடம்பும் வெள்ளைப் புள்ளியுமாக ஒரு பறவை உட்கார்ந்திருந்தது. நான் புத்தகத்தைப் புரட்டுவதற்குள், "பெண் குயிலடா, அசடே! கறுப்பாக இருப்பது ஆண்தான்" என்றார். அடுத்த தெருப் பட்டறையில் யாரோ 'டொக், டொக்' என்று தாமிரம் தட்டுவதாக நான் பல வருஷமாக எண்ணியிருந்தேன். அது குக்குறுவான் என்ற பச்சைக் குருவியாம்!

2019-ஆம் வருஷம் தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், அத்தையையும் மனைவியையும் பள்ளிக்கரணைக்கு அழைத்துப் போனேன். துரைப்பாக்கத்திலிருந்து பல்லாவரம் போகும் சாலை அந்தச் சதுப்பு நிலத்தின் நடுவே ஓடுகிறது. சாலையோரத்தில் நின்றாலே போதும். ஒரு பக்கம் லாரிகளின் இரைச்சல். மறு பக்கம் கூழைக்கடாக்கள் நிதானமாக மிதந்துகொண்டிருந்தன. வடதேசத்துக் குளிருக்குப் பயந்து வந்த ஊசிவால் வாத்துக்கள் தலையைத் தண்ணீருக்குள் விட்டு வாலை மட்டும் காட்டின. நீண்ட விரல்களை ஊன்றி இலை மேலேயே நடந்தது ஓர் இலைக்கோழி.

"இந்த ஜாதியில் பெண் முட்டையிடுவதோடு சரி, அடைகாப்பதும் குஞ்சுகளை வளர்ப்பதும் ஆண்தான்" என்று படித்ததைச் சொல்லி வைத்தேன். சொல்லியிருக்கக் கூடாது. "இதைப் பார்க்கத்தான் பைனாகுலர் வாங்கினீர்களா? பேஷ்!" என்றாள் மனைவி.

அத்தை மட்டும் சிரிக்கவில்லை. தூரத்தில் பார்த்தபடி, "ஏண்டாப்பா, அந்த மலைக்கு என்ன பெயர்?" என்று கேட்டார்.

"அது மலையில்லை, அத்தை. பெருங்குடிக் குப்பை மேடு."

"யார் வீட்டுக் குப்பை?"

"தென் சென்னைக் குப்பை. நம் வீட்டுக் குப்பையும்தான்."

அத்தை வெகு நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "எங்கள் பக்கத்தில் பறவையின் எச்சம் ஏரித் தண்ணீரில் கலந்து வயலுக்கு உரமாகும். அதனால்தான் வேடந்தாங்கல்காரர்கள் பறவையைச் சுட விடமாட்டார்கள். இங்கே நம் எச்சில் அல்லவா அதன் தண்ணீரில் விழுகிறது!"

வேடந்தாங்கல்காரர்கள் 1798-லேயே கலெக்டரிடம் கேட்டு உத்தரவு வாங்கியவர்கள். படித்த பட்டணத்தாரான நமக்குப் பள்ளிக்கரணை வெறும் பொட்டல் நிலமாகத்தான் தெரிந்தது. தெற்கேயுள்ள ஏரிகள் நிரம்பி வழிந்தால், அந்தத் தண்ணீர் இங்கே தங்கித்தான் ஒக்கியம் மடுவு வழியாகக் கடலை நோக்கிப் போக வேண்டும். அந்த இடத்தைத் தூர்த்தால் தண்ணீர் நம் கூடத்துக்கு வராமல் எங்கே போகும்? 2015-ஆம் வருஷத்து வெள்ளத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

2022-ல் பள்ளிக்கரணையில் 1,247 ஹெக்டேர் நிலம் ராம்சார் என்ற உலகப் பட்டியலில் சேர்ந்தது. பழைய குப்பையைத் தோண்டிப் பிரிக்கும் வேலையும் தொடங்கியது. சந்தோஷம்தான்.

எங்கள் வீட்டில் அந்த வேலை 2019-லேயே, மறுநாள் காலையில் தொடங்கிவிட்டது. சமையலறையில் ஒரு கூடை இருந்த இடத்தில் இரண்டு கூடைகள். காய்கறித் தோலெல்லாம் மாடியில் மண் தொட்டிக்குப் போய் உரமாகிறது. அதில் முளைத்த கறிவேப்பிலைச் செடியைச் சுற்றித் தேன்சிட்டு ஒன்று வட்டமிடுகிறது.

போன வாரம் அவசரத்தில் பால் உறையைத் தோல் கூடையில் போட்டுவிட்டேன். அத்தை அதை இரண்டு விரலால் எடுத்து என் முன்னே நீட்டினார்.

"பைனாகுலர் வைத்திருக்கிறாயே, இது கண்ணில் படவில்லையா?" என்றார்.