காப்பி பிறந்த நாடும் அதன் விலையும்

காப்பியின் தாயகம் அரேபியா என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அராபிகா என்னும் பெயர் அவ்வெண்ணத்தை வளர்த்துவிட்டது. உண்மை வேறு. அச்செடி தானே முளைத்து வளர்ந்த இடம் ஆப்பிரிக்காக் கண்டத்தில், எத்தியோப்பியாவின் தென்மேற்கு மலைக்காடுகள். காஃபா முதலிய பகுதிகளில் பெருமரங்களின் நிழலில் அது இன்றும் காட்டுச் செடியாகவே நிற்கின்றது. காப்பிப் பழங்களைத் தின்ற ஆடுகள் துள்ளியதை இடையன் ஒருவன் கண்டான் என்ற கதை சுவையானதுதான். ஆனால் அது 1671-ல் ரோமாபுரியில் அச்சான நூல் ஒன்றின் வாயிலாகப் பரவியது. ஆகவே கதை என்ற அளவிலேயே அதனைக் கொள்ளல் தகும்.

செடி ஓரிடத்தில் இருக்க, செல்வம் வேறிடங்களில் குவிந்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் ஏமன் நாட்டு சூபி அடியார்கள் இரவு வழிபாட்டில் கண்விழித்திருக்கக் காப்பி பருகினர். பின்னர் அந்நாட்டின் மோக்கா துறைமுகம் காப்பி வாணிபத்தால் பெயர் பெற்றது. டச்சுக்காரர் 1690-களில் செடியை ஜாவாவுக்குக் கொண்டுசென்றனர். 1706-ல் ஜாவாச் செடியொன்று ஆம்ஸ்டர்டாம் நகரை அடைந்தது. அதன் வழிவந்த கன்று 1714-ல் பிரெஞ்சு மன்னருக்குப் பரிசாயிற்று. அங்கிருந்து கரீபியத் தீவுகளுக்கும் அது பரவிற்று. இவ்விடத்தில் ஒரு கொடுமையைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. ஆப்பிரிக்கச் செடியைப் பயிரிட ஆப்பிரிக்க மக்களையே அடிமைகளாக்கிக் கடல் கடந்து கொண்டுபோயினர். இன்று ஹெய்டி எனப்படும் நாடு, 1791-ல் அடிமைகள் கிளர்ந்தெழுவதற்கு முன், உலகக் காப்பியில் ஏறத்தாழப் பாதியை விளைவித்தது. அடுத்து முதலிடம் பெற்ற பிரேசிலில் 1888 வரை அடிமை முறை நீடித்தது.

நம் காலத்து வரலாற்றுக்கு வருவோம். விளைவிக்கும் நாடுகளும் வாங்கும் நாடுகளும் 1962-ல் சர்வதேசக் காப்பி ஒப்பந்தம் செய்து, ஏற்றுமதிக்குப் பங்கீடு வகுத்து விலையைத் தாங்கி வந்தன. 1989-ல் அப்பங்கீட்டு முறை முறிந்தது. 2001-ஆம் ஆண்டின் இறுதியில் நியூயார்க் சந்தையில் ஒரு பவுண்டுக் காப்பிக் கொட்டை அரை டாலருக்கும் கீழே இறங்கிற்று. கடையில் ஒரு கோப்பைக் காப்பியின் விலை அவ்வாறு இறங்கியதாக எவரும் கண்டதில்லை! நூல் விலையும் துணி விலையும் போகும் போக்கை அறிந்த நம் நெசவாள அங்கத்தினர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இந்த இடர்ப்பாட்டில் எத்தியோப்பிய விவசாயிகள் கைக்கொண்ட வழியே நாம் கருதத் தக்கது. 1999-ல் ஒரோமியா பகுதியின் 34 சங்கங்கள் சேர்ந்து ஒரு கூட்டுறவு ஒன்றியம் கண்டன. பழம் பறித்து இடைத்தரகரிடம் ஒப்படைப்பதோடு நில்லாமல், அயல்நாட்டு வாங்குவோருக்குத் தாமே நேரே விற்கத் தொடங்கின. ஒன்றியத்தின் லாபத்தில் 70 சதவீதம் சங்கங்களுக்கே திரும்புவது என்பது விதி. பல ஊர்களில் அப்பணத்தின் துணையால் பள்ளிகளும் மருத்துவ நிலையங்களும் எழுந்துள்ளன. சரக்கைச் சேகரிப்பது மட்டுமே சங்கத்தின் வேலை என்பாரோடு நான் உடன்படாததற்கு இதுவே காரணம். விற்பனை பிறர் கையில் இருக்குமாயின், சங்கம் வெறும் கிடங்காகவே நின்றுவிடும்.

பெயரும் ஒரு சொத்தே. சிடாமோ, ஹரார், யிர்கச்செஃபே என்பன காப்பி விளையும் ஊர்களின் பெயர்கள். அவற்றைத் தன் வணிகக் குறிகளாகப் பதிய 2005-ல் எத்தியோப்பிய அரசு அமெரிக்காவில் விண்ணப்பித்தபோது, அந்நாட்டுக் காப்பி வணிகர் சங்கம் மறுப்புத் தெரிவித்தது. வழக்காடல் நீண்டு, 2007-ல் ஸ்டார்பக்ஸ் நிறுவனத்துடன் உடன்பாடு ஏற்பட்டது. அப்பெயர்கள் எத்தியோப்பியாவுக்கு உரியவை என்பதை அந்நிறுவனம் ஏற்றது.

ஆயினும் அந்நாட்டு ஏற்றுமதியின் பெரும்பகுதி வறுக்காத பச்சைக் கொட்டையாகவே இன்றும் கப்பலேறுகின்றது. வறுத்து, பொட்டலமிட்டு, விலை கூட்டி விற்கும் ஆதாயம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தங்கிவிடுகின்றது. ஒன்றியங்கள் அடுத்து முயலவேண்டியது அவ்வறுவைத் தொழிலையே என்பது என் கருத்து. அதற்கு வேண்டிய கைத்திறன் அங்கே இல்லாமலில்லை. எத்தியோப்பிய இல்லங்களில் விருந்தினர் வந்தால், பச்சைக் கொட்டையை அவர் கண்ணெதிரே வறுத்து, இடித்து, மண்குடுவையில் காய்ச்சி, மூன்று முறை ஊற்றிக் கொடுப்பார்கள்.