ஓட்டக் கணக்கும் ஒதுக்கப்பட்டோர் கணக்கும்

மாலை வேளையில் தோட்டத்து ஆபீஸ் வாசலிலும் பட்டணத்துத் தேநீர்க் கடைகளிலும் கிரிக்கெட்டைப் பற்றி நடக்கும் வாதங்களைச் செவிமடுத்தோர்க்கு ஓர் உண்மை புலனாகும். எவர் எத்தனை ஓட்டம் எடுத்தார், எவர் எத்தனை விக்கெட் வீழ்த்தினார், எந்தப் பந்தயத்தில் எவர் கைப்பிடியை நழுவவிட்டார் என்பவற்றை நம்மவர் தத்தம் சம்பளச் சீட்டைக் காட்டிலும் திருத்தமாக அறிவர். மைதானத்திற்குள் எவரை விட்டார்கள், எவரை வெளியே நிறுத்தினார்கள் என்று கேட்டாலோ, அத்தனை பேரும் மௌனிகளாவர். இம்மௌனம் வெறும் அறியாமையன்று. நமக்குக் கதை சொல்லும் பத்திரிகைக்காரர் பலர் பழக்கிவிட்ட பழக்கம் என்பதே என் குற்றச்சாட்டு.

இக்குற்றத்திற்கு நானும் உட்பட்டவனே. ஆங்கிலப் பள்ளியில் படித்த காலத்தில் இங்கிலாந்து ஆட்டக்காரரின் பெயர்களை மனப்பாடமாக ஒப்பித்தவன் நான். பல்வங்கர் பாலு என்ற பெயரைக் கிராணி வேலைக்கு வந்து பல வருஷம் கழிந்த பிறகே கேள்வியுற்றேன்.

பாலு யார்? தோல் தொழிலைச் சுமத்தித் தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்ட சமார் வகுப்பில் பிறந்தவர். பூனாவில் வெள்ளையர் கிளப்பில் மைதானம் செப்பனிடும் வேலை பார்த்தார். மாதச் சம்பளம் 4 ரூபாய். அங்கே கிரெய்க் என்னும் ஆங்கிலேயர் பயிற்சிக்காகப் பந்து வீசச் சொல்ல, பாலு இடக்கையால் மணிக்கணக்கில் வீசி வித்தையில் தேர்ந்தார். ஆனால் மட்டையைப் பிடித்துப் பார் என்று அவரை அழைத்தார் இல்லை. மட்டை துரைமார்க்கு, பந்து வேலைக்காரனுக்கு!

பின்னர் வெள்ளையரை வெல்ல வேண்டுமென்ற ஆசையால் பூனா இந்துக்கள் பாலுவைத் தம் கட்சியில் சேர்த்தனர். ஆட்டத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டனர். தேநீர் வேளை வந்ததும், மற்றவர்க்கு உள்ளே பீங்கான் கோப்பை; பாலுவுக்கு வெளியே மண் குவளை. பந்தில் ஒட்டாத தீட்டு கோப்பையில் மாத்திரம் ஒட்டியது எவ்வாறு? வெற்றிக்கு வேண்டிய கை விருந்துக்கு ஆகாத கையானது எந்த சாஸ்திரப்படி? விடை கூறுவோர் கூறட்டும்.

1906இல் பம்பாயில் இந்துக் கட்சி ஐரோப்பியரை 109 ஓட்டங்களில் வென்றது. பாலுவும் அவர் தம்பி சிவராமும் அதில் ஆடினர். 1911இல் இந்தியக் கட்சி இங்கிலாந்து சென்றபோது பாலு 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அக்கட்சிக்குத் தலைவர் பாட்டியாலா மகாராஜா. அவரோ பெரும்பாலான பந்தயங்களில் ஆடவேயில்லை. உழைத்தவர் ஒருவர், பட்டம் கட்டிக்கொண்டவர் மற்றொருவர். இந்துக் கட்சியின் தலைமையும் பாலுவுக்குக் கொடுக்கப்படவில்லை. 1920இல் அவரைக் கட்சியினின்றே நீக்கியபோது, தம்பியர் சிவராமும் விட்டலும் மானத்தை முன்னிட்டு விலகி நின்றனர். அந்த எதிர்ப்பு வீண் போகவில்லை. 1923இல் விட்டல் தலைவரானார்.

நிற்க. பத்திரிகைக்காரர் எல்லோரையும் நான் ஒரே தராசில் நிறுக்கவில்லை. 1906 வெற்றியைக் கண்டு, இது பந்தாட்ட வெற்றி மாத்திரமன்று, ஜாதிக் கட்டு தளர்ந்ததன் வெற்றி என்று உணர்ந்து எழுதியது பம்பாயிலிருந்து வந்த ‘இந்தியன் சோஷியல் ரிபார்மர்’ என்னும் வாரத்தாள். அதன் ஆசிரியர் காமாட்சி நடராசன், ஒரு தமிழர்! 1960இல் டிரினிடாடில் ‘தி நேஷன்’ பத்திரிகையை நடத்திய சி. எல். ஆர். ஜேம்ஸ், மேற்கிந்தியக் கட்சிக்குக் கறுப்பரான பிராங்க் வாரலே தலைவராக வேண்டுமென்று விடாது எழுதினார். அதற்கு முன் 1948இல் ஜார்ஜ் ஹெட்லி என்ற கறுப்பர் ஒரே ஒரு டெஸ்டில் தலைமை தாங்கியதோடு சரி. முழுத் தொடருக்கும் நியமனம் பெற்ற முதற் கறுப்பர் வாரலே. அவர் கட்சி ஆஸ்திரேலியாவில் தொடரை இழந்தும், 1961இல் மெல்போர்ன் மக்கள் வீதியில் திரண்டு வழியனுப்பினர். பேனா இவ்வாறும் மைதானத்தைத் திறக்கும்.

அதே பேனா பூட்டவும் செய்யும். இங்கிலாந்தில் 1962 வரை, சம்பளமின்றி ஆடுவோர் ‘கனவான்கள்’, கூலிக்கு ஆடுவோர் வெறும் ‘ஆட்டக்காரர்’. இரு சாரார்க்கும் தனித்தனி வாசல். அச்சிட்ட ஆட்டத்தாளிலும் பெயரெழுதும் முறை வேறு. அச்சுக்கோப்பவன் கையிலும் ஜாதி இருந்தது! நம் பக்கம் மட்டும் என்ன? சிங்கப்பூர்ப் பாடாங்கின் ஒரு முனையில் 1852இல் வெள்ளையர் கிளப். மறு முனையில் 1883இல் யூரேசியர் கிளப். புல் ஒன்று, பந்து ஒன்று. மனிதர் மாத்திரம் வேறு வேறு.

“விளையாட்டில் ஜாதிப் பேச்சைப் புகுத்தாதீர்” என்று அன்பர் சிலர் சினப்பர். ஐயா, மண் குவளையைப் புகுத்தியவர் நாமல்லர். அதைச் சுட்டிக்காட்டுகிறோம், அவ்வளவே. “இது பிரபுக்களின் ஆட்டம், இதைத் தொலைத்துவிடுவோம்” என்று வேறு சிலர் கூறுவர். அவர்க்கும் என் மறுப்பு உண்டு. நாம் விட்டு விலகினால் பாலுவின் உழைப்பும் பிரபுக்களுக்கே சொத்தாகும். வாசலில் நிறுத்தப்பட்டவன் கேட்க வேண்டியது வாசலையன்றி, வீட்டைக் கொளுத்தத் தீப்பந்தத்தை அன்று.

இன்றைய நிலை யாது? சேலத்துச் சின்னப்பம்பட்டியின் ஏழைக் குடும்பத்தில் பிறந்த மற்றொரு நடராசன் 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆடினார். பத்திரிகைகள் அவர் வறுமையைத் தேன் தடவி எழுதின. அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு ஒழுங்கான மைதானம் ஏன் இல்லை என்று எழுதியவர் எத்தனை பேர்? அக்கேள்விக்கு 2023இல் சொந்த ஊரில் மைதானம் அமைத்து விடையளித்தவர் அந்த ஆட்டக்காரரே. ஒருவன் வேலி தாண்டியதைப் பாடுவது எளிது. வேலி ஏன் என்று கேட்பதே பத்திரிகைத் தொழில்.

ஊராருக்கு உபதேசித்த நான் என் வீட்டுச் செய்தியையும் ஒளிக்கலாகாது. எங்கள் தோட்டத்தில் ஞாயிறுதோறும் ஆபீஸ்காரர் ஆடுவோம். லயத்துப் பிள்ளைகள் எல்லைக்கு அப்பால் நின்று பந்து பொறுக்குவர். ஒரு நாள், பன்னிரண்டு வயதிருக்கும் ஒரு பையன் செம்பனை மரங்களுக்கிடையிலிருந்து எறிந்த பந்து நேரே குச்சியில் வந்து விழுந்தது. “நல்ல கை!” என்று மெச்சினோம், ஆட்டத்தைத் தொடர்ந்தோம். மட்டை அவன் பக்கம் போகவில்லை. நானும் கொடுக்கவில்லை. பாலுவின் கதையைப் படித்த இரவில்தான் அது நெஞ்சில் தைத்தது. அவன் பெயர்கூட எனக்குத் தெரியாது.

தோழர்களே! அடுத்த பந்தயச் செய்தியைப் படிக்கும்போது, ஓட்டக் கணக்கோடு நின்றுவிடாதீர்கள். அதில் எவர் பெயர் விடுபட்டது என்று தேடுங்கள், எழுதினவரைக் கேளுங்கள். கேட்குமுன், உங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் பந்து பொறுக்கும் பிள்ளையை உள்ளே அழைத்து, பெயரைக் கேட்டு, மட்டையை அவன் கையில் கொடுங்கள். நான் கொடுத்துவிட்டேன். மூன்றாம் பந்தில் ஆட்டமிழந்தான், மறுபடியும் கொடுத்தோம்.