தேடியதேட்டமும் மாற்றாந்தாயும்

தந்தையின் அந்தியேட்டி முடிந்த கையோடு, மூத்த தாரத்து மக்களும் மாற்றாந்தாயும் காணிப் பங்குக்காக நீதிமன்றம் ஏறுதலை யாழ்ப்பாணத்தில் இன்றுங் காண்கிறோம். இப்பகைக்கு வித்திட்டவர் யாவர்? 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் ஏட்டிலேற்றிய தேசவழமை, மறுமணஞ் செய்யும் தகப்பன் இறந்த மனைவியின் சீதனம் முழுவதையும், அவளோடு தேடிய தேட்டத்திற் பாதியையும் அவள் பிள்ளைகளுக்கென ஒப்புவித்தல் வேண்டுமென்றது. அவ்வொழுங்கைக் கைவிட்டு, இரு தாரத்துப் பொருளையும் ஒன்றாகக் கலந்துவைத்த தந்தையரே வித்திட்டவராவர்.

தந்தையின் முதுசம் பிள்ளைகளுக்குரியது. அதனை மாற்றாந்தாய் விரும்புதல் தகாது. இரண்டாம் இல்வாழ்க்கையிற் தேடியதிற் பாதி அவளுக்குரியது; நோயுற்ற தந்தையைப் பேணிய கைக்கு அதனை மறுத்தல் பிள்ளைகளுக்கு அழகன்று. ஆதலின், மறுமணத்துக்குப் பந்தற்கால் நாட்டுமுன், தாயிழந்த பிள்ளைகளின் பங்குக்கு உறுதி முடித்துவைத்தலே தந்தையர் கடனாகும்.