ஒத்து ஊதாதவர்கள்

மீஷா மெங்கல்பெர்க் எண்டால், தெரிந்த ஆக்கள் முதலில் சொல்வது கிளிக் கதையைத்தான். நெதர்லாந்தின் பெரிய ஜாஸ் பியானோக் கலைஞர், வீட்டுக் கிளியோடு சேர்ந்து வாசித்து அதை இசைத்தட்டிலும் போட்டவர். அதை வைத்து அவரைப் 'பகிடிக்காரன்' எண்டு சொல்லி முடித்துவிடுகிறார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. கூட்டாக ஒரு வேலை செய்யிற எவரும் அவரை வடிவாகக் கவனிக்கவேண்டும் எண்டுதான் நினைக்கிறோம்.

அவர் 1935இல் கீவ் நகரில் பிறந்தவர். தகப்பன் கரெல் ஓர் இசை நடத்துநர். பாட்டன் முறையான வில்லெம் மெங்கல்பெர்க், 1895 முதல் 1945 வரை ஆம்ஸ்டர்டாமின் புகழ்பெற்ற கொன்செர்ட்கெபவ் இசைக்குழுவை நடத்தியவர். நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தில் அவர்களோடு ஒத்துப்போனார் என்பதற்காக, போருக்குப் பிறகு அவர் நெதர்லாந்தில் மேடையேறவே தடை விதித்தார்கள். ஒரு பெரிய குழுவும் ஒரு பெரிய பெயரும் எங்கே போய் நிற்கலாம் என்பதை மீஷா வெளியில் தேடிப் படிக்கத் தேவையில்லை.

1964 யூன் 2ஆம் திகதி, ஹில்வெர்சம் நகரில் அமெரிக்கக் கலைஞர் எரிக் டொல்ஃபியோடு மீஷா வாசித்தார். அப்போது அவருக்கு 29 வயதாக இன்னும் மூன்று நாள் இருந்தது. அந்த மாதம் முடிய முதலே டொல்ஃபி பெர்லினில் இறந்துபோனார். அந்தப் பதிவுதான் 'லாஸ்ட் டேட்'. டொல்ஃபியோடு வாசித்தவன் எண்ட பெயரை வைத்தே மனிசன் காலத்தை ஓட்டியிருக்கலாம். செய்யவில்லை.

1967இல் ட்ரம்ஸ் கலைஞர் ஹான் பென்னிங்க், சாக்ஸபோன் கலைஞர் வில்லெம் பிரொய்க்கர் இருவரோடும் சேர்ந்து 'இன்ஸ்டன்ட் கம்போசர்ஸ் பூல்' என்ற கூட்டைத் தொடங்கினார். மேடையில் அந்தந்த நேரத்தில் பிறக்கிறதும் இசையமைப்புத்தான் என்பது அவர்களின் வாதம். கொம்பனிகளைப் பார்த்துக்கொண்டிருக்காமல் இசைத்தட்டுகளையும் தாங்களே வெளியிட்டார்கள்.

1969 நவம்பரில், பாட்டன் ஐம்பது வருசம் ஆண்ட அதே கொன்செர்ட்கெபவ் மண்டபத்தில், கச்சேரி நடக்கும்போது ஒரு இளைஞர் கூட்டம் கிளிக் கிளிக் எண்டு தகர விளையாட்டுச் சாமான்களை அமத்திச் சத்தம் எழுப்பியது. 'எங்கட காலத்து இசைக்கு இங்கே ஏன் இடமில்லை, பகிரங்கமாகக் கதைப்போம் வாங்கோ' என்பதே அவர்கள் கேட்டதன் சாரம். தூக்கி வெளியே விட்டார்கள். அந்தக் கூட்டத்தில் மீஷாவும் ஒருவர். சத்தம் போடுவது சுகம் எண்டு நீங்கள் சொல்லலாம். அதே சத்தத்தைத் தன் சொந்தக் குழுவுக்குள்ளும் அனுமதிப்பதுதான் கஷ்டம். மீஷாவின் பெருமை அங்கேதான் இருக்கு எண்டு நாங்கள் சொல்லுவோம்.

அவருடைய இசைக்குழுவுக்காகச் சின்னச் சின்னத் துண்டுகளாக இசை எழுதி, அவற்றுக்கு 'வைரஸ்' எண்டு பெயர் வைத்தார். ஒரு பாட்டு நல்லாய்ப் போய்க்கொண்டிருக்கும்போது, குழுவில் யாரும் அதற்குள் ஒரு வைரஸைப் புகுத்தலாம். மற்றவர்கள் அதோடு சேரலாம், எதிர்க்கலாம், சும்மா விட்டுவிடலாம். தலைவரின் பாட்டுக்கும் விதிவிலக்கு இல்லை. பென்னிங்க் இடிமாதிரி அடிக்க, மீஷா ரெண்டு சுரத்தை மட்டும் வைத்துவிட்டுச் சும்மா இருப்பார். அந்த இழுபறி பல பத்தாண்டுகள் நீடித்தது.

எல்லாம் சுமுகமாக நடக்கவில்லை. 1974இல் பிரொய்க்கர் பிரிந்துபோய்த் தனிக்குழு தொடங்கினார். அதனால் ஒருவரும் அழிந்துபோகவில்லை. நெதர்லாந்துக்கு இரண்டு நல்ல குழுக்கள் கிடைத்தன. கருத்து வேறுபாடு வந்தவுடனேயே துரோகி, எதிரி எண்டு பட்டம் கொடுக்கிற கூட்டங்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒத்து ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இசைக்கு அது தேவை. மனிசருக்கு அது நல்லதில்லை. தலைவர் சொன்னதற்கெல்லாம் ஒத்து ஊதுகிற குழு, தலைவர் போனதும் கலைந்துவிடும். கடைசி வருடங்களில் மீஷாவை மறதிநோய் பிடித்தது. பியானோவை விட்டு அவர் எழும்பிப் போன பிறகும் குழு வாசித்துக்கொண்டுதான் இருந்தது. 2017 மார்ச்சில் அவர் இறந்த பிறகும் அது நிற்கவில்லை.

'லாஸ்ட் டேட்'டில் தொடங்குங்கோ. பிறகு 1994இல் வந்த 'ஹூஸ் பிரிட்ஜ்'. முதல் தரம் பிழையாக வாசிக்கிறார் போல இருக்கும். நிப்பாட்டாமல் கேளுங்கோ.